லைவ் போகுது, அத்தை

வேலை போன பெண்ணை வீட்டில் யாரும் திட்டுவதில்லை. அதுதான் பிரச்சினையே. திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். எல்லோரும் அன்பாக இருந்து, காபியில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று விசாரித்து, குளியலறையில் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்துவிட்டால் கதவைத் தட்டி, “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்று சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் நமக்குப் புரியும். அவர்கள் நமக்காக வருத்தப்படவில்லை, நம்மைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

பெருங்குடியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் எங்கள் குழுவையே ஒரு காலை மீட்டிங்கில் கலைத்துவிட்டார்கள். (மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. கடைசியில் நான்தான் அந்தத் தப்பு என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.) அன்றிலிருந்து மந்தைவெளியில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டில் நானும் என் மாமியார் சரோஜா அத்தையும் பகல் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கணவர் பிரபு விற்பனைப் பிரதிநிதி. காலையில் கிளம்பினால் கொட்டிவாக்கம், நீலாங்கரை என்று கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு இருட்டிய பிறகுதான் வருவார்.

எங்கள் வீட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அங்கே ‘சீட்டு’ என்ற சொல் கிடையாது. காரணம், பிரபுவின் தம்பி முரளி. செல்போனில் ரம்மி ஆடினான். முதலில் அவன் பைக் போனது, பிறகு அத்தையின் சங்கிலி போனது. அத்தையின் தம்பி தணிகாசலம் மாமா கே.கே. நகரிலிருந்து வந்து, நடுக்கூடத்தில் வைத்து அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். மறுநாள் காலை டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போன முரளி திரும்பி வரவில்லை. போலீசில் சொல்லியாயிற்று. போன் அணைந்தே கிடந்தது. இதெல்லாம் நடந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அத்தை அப்போதும் நாலு பேருக்குத்தான் உலை வைப்பார். மறுநாள் காலை அது பழைய சோறாகும். யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்.

ஆக, எங்கள் வீட்டில் ரேஷன் கார்டுகூட ‘அரிசி வாங்குற புக்கு’தான். தாயக்கட்டையைப் பரணில் போட்டாயிற்று. தொலைக்காட்சியில் ரம்மி விளம்பரம் வந்தால் அத்தை எழுந்து போய் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவார். (ரிமோட்டை அவர் நம்புவதில்லை.)

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் நான் ஒரு சீட்டாட்டத்தைக் கொண்டுவந்தேன்.

பழைய ஆபீசில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நசீமா. ராயப்பேட்டைக்காரி. எனக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு அடையாறில் வீடியோ கேம் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். ஒருநாள் போன் செய்தாள்.

“இன்னாடி சுகு, சும்மாதானே கீற?”

“சும்மா இருக்கறதே பெரிய வேலையா இருக்கு. சொல்லு.”

“எங்க கேம் வருது. மாயாஜாலக் கதை, ஆனா சண்டையெல்லாம் சீட்டு வச்சித்தான். தமிழ்ல பேசிக்கினே ஆடிக் காட்ட ஒரு ஆளு வேணும். முதல் பாகத்தை ஆடிப் பழகிக்கோ, அப்பால லைவ்ல ஆடிக்கினே இன்னா தோணுதோ அத்த சொல்லு. மேலிடம் உக்காந்து பார்க்கும். புடிச்சிருந்தா, அடுத்த பாகத்துக்கு வசனம் எழுத உன்னையே எடுத்துப்பாங்க.”

எனக்கு வேலை வேண்டும். அதனால் சரி என்றேன். சீட்டு என்ற சொல் காதில் விழத்தான் செய்தது. பிரபுவிடம் சொன்னேன். அவர், “அம்மாகிட்ட ஆபீஸ் டெஸ்டிங்னு சொல்லிடு” என்றார். அப்படியே சொன்னேன். அது பொய்யும் இல்லை. (பாதி உண்மை சொல்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.)

அந்த விளையாட்டின் பெயர் ‘உப்புக்கோட்டை’. கடல் வற்றிப்போன ஒரு நாடு. ராணி இறந்துவிட்டாள், அவள் ஆட்கள் சிதறிவிட்டார்கள். நாம் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு போய் அவர்களைத் தேடிச் சேர்த்துக் கோட்டைக்குக் கூட்டிவர வேண்டும். ஒவ்வொரு ஆளும் ஒரு சீட்டு. ஓடக்காரன், பூட்டுத் திறப்பவன், இருமிக்கொண்டே இருக்கும் ஒரு கிழட்டு மருத்துவச்சி. சண்டை வந்தால் நம் சீட்டுகளை எதிரியின் சீட்டுகளுக்கு எதிரே வைக்க வேண்டும். இரவானால் எல்லோரும் தீ மூட்டி உட்கார்ந்து பேசுவார்கள்.

முதல் நாள் எனக்குப் பிடிக்கவே இல்லை. பேச்சு, பேச்சு, ஒரே பேச்சு. ஒரு பாலத்தைக் கடக்க மூன்று பேர் அபிப்பிராயம் சொல்கிறார்கள். (எங்கள் பழைய ஆபீசே பரவாயில்லை.) எந்தச் சீட்டை எங்கே வைப்பது என்று சொல்லித்தருவதற்குள் சண்டை முடிந்துவிடுகிறது. அந்தக் குழப்பத்தில், இரண்டாவது சண்டையில் ஓடக்காரனை நான் தவறான இடத்தில் வைத்துவிட்டேன். அவன் விழுந்தான். அடுத்த சண்டையில் எழுந்து வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. இந்த விளையாட்டில் விழுந்தவர் விழுந்தவர்தான். சீட்டு சாம்பல் நிறமாகித் திரையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. அன்று இரவு தீயைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் அவனுக்கு ஓர் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் மடிக்கணினியை மூடிவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். மறுநாள் தானாகவே திறந்தேன். அதன் பிறகு விடவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, லைவில் பேசுவதுபோலப் பேசிப் பழகினேன். நன்றாகப் பேசுகிறேன் என்றுதான் எனக்கு நினைப்பு. கதவுக்கு அந்தப் பக்கம், கையில் கீரைக்கட்டோடு நின்ற அத்தையின் காதில் என்ன விழுந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

“தங்கமெல்லாம் போச்சு. பரவாயில்ல, இன்னொரு ஆட்டம்.”

“கையில மூணு சீட்டுதான் இருக்கு. இத வச்சி எப்படித் தாங்கறது?”

இவற்றையாவது ஒருவாறு விளக்கிவிடலாம். உப்புக்கோட்டையில் ஒரு சந்தை உண்டு. அங்கே இருக்கும் வியாபாரியிடம் நம் ஆட்களில் ஒருவரை விற்றுவிட்டால் மற்றவர்களுக்குப் பலம் கூடும். அதனால் அந்த மருத்துவச்சியைப் பற்றி நான் சொன்னது இது:

“கிழவியால இனிமே ஒரு பிரயோஜனமும் இல்ல. கிழவியை வித்துட்டா எல்லாம் சரியாயிடும்.”

அன்று மத்தியானம் கீரை தீய்ந்திருந்தது. அத்தை எனக்குச் சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்தார். அங்கே தோடு இல்லை. திருகாணி தேய்ந்துபோனதால் தோட்டைத் தி. நகரில் சரிசெய்யக் கொடுத்திருந்தேன். மாற்றுத் தோடு ஹெட்செட்டுக்கு அடியில் அழுத்துகிறது என்று அதையும் போடவில்லை.

“தோடு எங்கம்மா?”

“தி. நகர்ல கடையில இருக்கு அத்தை.”

அத்தை தலையாட்டினார். முரளி சங்கிலியைப் பற்றியும் இதே போலத்தான் சொல்லியிருந்தானாம், ‘கடையில இருக்கு’ என்று. அது எனக்கு எப்படித் தெரியும்? அத்தை அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

லைவ் நாள் வந்தது. ஐப்பசி மழை. மாலை நாலு மணிக்கே வீடு இருண்டு கிடந்தது. அலமாரி பின்னால் தெரியும்படி உட்கார்ந்துகொண்டேன். மேலே நல்ல குர்தா, கீழே நைட்டி. (காமிராவுக்கு இடுப்பு வரைதான் மரியாதை.) மழையில் ஊறி உப்பிய கதவில் தாழ்ப்பாள் பொருந்தவில்லை. காலையிலிருந்து இணையம் தகராறு செய்ததால் செல்போன் டேட்டாவில் இணைத்திருந்தேன்.

ஒரு கல்யாணப் பந்தி அளவுக்கு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் நசீமாவின் மேலிடமும் அடக்கம். பழகிய ஆட்டத்தையே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகவே போனது. பேச்சு நீளம், சண்டையைச் சொல்லித்தரும் இடம் சரியில்லை, ஆனால் அந்த நெருப்பைச் சுற்றிய காட்சிகள் மனதைப் பிடிக்கின்றன என்று சொன்னேன். காதுக்குள் நசீமா, “சூப்பரா போவுதுடி, அப்படியே போ” என்றாள். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு யாரும் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

கடைசிச் சண்டைக்கு முன் சந்தை வந்தது. நான் ஹெட்செட் மாட்டியவர்களுக்கே உரிய குரலில், அதாவது மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும் குரலில், “இப்ப நமக்கு வேற வழியில்ல. கிழவியை வித்துடப் போறேன்” என்றேன்.

கதவு திறந்தது.

முதலில் தணிகாசலம் மாமா. கே.கே. நகரிலிருந்து நனைந்துகொண்டே வந்திருந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவருக்குப் பின்னால் அத்தை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்தபடியே கையால் போங்கள் என்று சாடை காட்டினேன்.

மாமா போகவில்லை. “இன்னாமா இது, படிச்ச பொண்ணு நீ” என்றார்.

“மாமா, ப்ளீஸ். லைவ் போகுது.”

“அத்ததாம்மா நாங்களும் சொல்றோம். லைஃப் போவுது. மொத்த லைஃபும் போவுது.”

“இல்ல மாமா, லைவ்.”

“எனக்கும் இங்கிலீஷ் தெரியும்மா. அந்தக் கருமத்த மொதல்ல நிறுத்து.”

நான் நிறுத்தவில்லை என்றதும் அவர் வெளியே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். விளக்கு போனது, மின்விசிறி நின்றது. மடிக்கணினிக்கு பேட்டரி இருந்தது, செல்போனுக்கு டேட்டா இருந்தது. ஒளிபரப்பு நிற்கவில்லை. இருட்டில் என் முகம் மட்டும் திரை வெளிச்சத்தில் நீலமாக மிதந்தது. காதில் நசீமா, “சுகு, இன்னாடி நடக்குது? யாரு அது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். திரையின் ஓரத்தில், “செம செட்டப்”, “இதுவும் கேம்ல வருதா?” என்று பார்ப்பவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அத்தை வந்து என் காலடியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து என் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். மாமியார் மருமகள் காலைப் பிடிப்பதை நான் பார்த்ததில்லை. அவருடைய உள்ளங்கை ஈரமாக, சில்லென்று இருந்தது.

“என்னைய வேணும்னா வித்துடும்மா. தோடு போனா போவுது. என் புள்ளய அது தின்னது போதும். நீயும் எங்கியும் போயிடாத.”

ஹெட்செட்டைக் கழற்றினேன். கழற்றியதும் என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது. “அத்தை, எழுந்திருங்க. இது காசு வச்சி ஆடறது இல்ல. ஒரு ரூபாகூட கிடையாது. கதை. வெறும் கதை. பாருங்க.”

அவர் எழுந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தார். அங்கே மருத்துவச்சி இருமிக்கொண்டிருந்தாள்.

“இதான் கிழவியா?”

“ஆமா.”

“நான் இல்லியா?”

“ஐயோ, இல்ல அத்தை.”

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சட்டையைப் பிழியலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்போல நின்றார். அத்தை கொஞ்ச நேரம் மருத்துவச்சியையே பார்த்தார். “பாவம், இருமறா. இவள எதுக்கு விக்கிற? வேற யாரும் இல்லியா?” என்றவர், திரை ஓரத்தில் இருந்த சாம்பல் நிறச் சீட்டின்மேல் விரலை வைத்தார். “இந்தப் பையன் யாரு?”

“ஓடக்காரன். சண்டையில தோத்துட்டான். இனிமே வரமாட்டான்.”

“ஏன் வரமாட்டான்?”

“கதை அப்படி அத்தை” என்றேன்.

“தோத்துட்டா வீட்டுக்கு வரக்கூடாதா? யாரு எழுதினாங்க இத?”

எழுதியவர்கள் அடையாறில் ஓர் அறையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். “அத்தை, இப்ப நாம பேசறது எல்லாருக்கும் கேக்குது. நிறைய பேர் பார்த்துக்கிட்டிருக்காங்க.”

“நம்மளயா?”

“நம்மளத்தான்.”

இந்த இடத்தில் எந்த மாமியாரும் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிடுவார், ஒளிபரப்பை முடித்துவிட்டு நானும் தலைமறைவாகிவிடலாம் என்று நம்பினேன். அத்தை ஓடவில்லை. முன்தலை முடியை ஒதுக்கினார். தோளில் முந்தானையைச் சரிசெய்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டார். காமிராவின் சின்னப் பொட்டைக் காட்டினேன். அதற்கு மிக அருகில் குனிந்து, தொலைபேசியில் தூரத்து ஊருக்குப் பேசுபவர்போல உரக்கப் பேசினார்.

“முரளி, அம்மா பேசறேன். நீ இத பார்க்கறியா இல்லியா தெரியல. பார்த்தா வந்துடு. சங்கிலி பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. நான் கேக்க மாட்டேன். அண்ணன் கேக்காது. மாமா அடிக்க மாட்டாரு.” திரும்பி இருட்டைப் பார்த்து, “சொல்லு தணிகா” என்றார்.

மாமா நகரவில்லை. பிறகு வந்து, அத்தையின் தோளுக்கு மேலாகத் தன் ஈர முகத்தைக் காட்டினார்.

“அடிக்க மாட்டேன்” என்றார். மறுபடியும் “அடிக்க மாட்டேன்டா” என்றார்.

அந்தப் பக்கம் நசீமா ஒளிபரப்பை நிறுத்தினாள். அவள் ஏன் முன்பே நிறுத்தவில்லை என்று பிறகு அவளுடைய மேலிடம் கேட்டதாம். கை வரவில்லை என்று சொன்னாளாம்.

மாமா போய் மெயின் சுவிட்சை ஏற்றினார். வெளிச்சம் வந்தபோது மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அத்தை அடுப்பைப் பற்றவைத்து மாமாவுக்குச் சுக்குக் காபி போட்டார். பிரபு கொட்டிவாக்கத்திலிருந்து அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தபோது, அவர் மனைவி குர்தாவும் நைட்டியுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் மாமா அவருடைய லுங்கியைக் கட்டிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார். “என்னாச்சு?” என்று பிரபு கேட்டார். யார் தொடங்குவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வேலை கிடைக்கவில்லை. மிகவும் மரியாதையாக, வேறு ஒருவரைப் பார்த்துவிட்டோம் என்று எழுதினார்கள். பல மாதம் கழித்து கே.கே. நகரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து, பழையபடி அடுத்தவர்களின் தப்பைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். லைவின் பதிவை நிறுவனம் நீக்கிவிட்டது. ஆனால் அதற்குள் யாரோ ஒரு துண்டை வெட்டிப் போட்டுவிட்டார்கள். ‘லைஃப் போவுது’ மாமாவை மாம்பலம் ரயில் நிலையத்தில் ஒருவர் அடையாளம் கண்டு கைகுலுக்கியிருக்கிறார். என்னைத்தான் யாருக்கும் நினைவில்லை. ‘அந்த அம்மாவோட மருமக’ என்பதோடு சரி.

‘உப்புக்கோட்டை’யை அத்தை இப்போது தன் போனில் ஆடுகிறார். ஆடுகிறார் என்று சொல்ல முடியாது. சண்டை வந்தால் பின்வாங்கும் பொத்தானை அழுத்திவிடுவார். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசும் இடத்தில் மட்டும் மணிக்கணக்கில் இருப்பார். ஓடக்காரனுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அந்த மருத்துவச்சி கேட்கும் ஒரு வசனம் உண்டு, அதைத் திரும்பத் திரும்பத் தட்டுவார். அவருடைய ஆட்டத்தில் இதுவரை ஒருவரும் விழவில்லை. கோட்டைக்கும் போய்ச் சேரவில்லை.

முரளியிடமிருந்து எதுவும் வரவில்லை.

சொந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் இந்தக் கதைதான். போன வாரம் தி. நகரில் ஒரு வளைகாப்பு. சாப்பாடு முடிந்து எல்லோரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டதும், “சரோஜாக்கா, அந்த சீட்டாட்டக் கதைய சொல்லுங்க” என்று யாரோ தொடங்கிவைத்தார்கள். வீட்டுக்குள் வாயில் வராத அந்தச் சொல்லை, இப்போது அத்தை சபையில் தாராளமாகச் சொல்கிறார். தீய்ந்த கீரையிலிருந்து ஆரம்பிப்பார். மாமா நனைந்து நின்றதை எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். என் நைட்டியைச் சொல்லும்போது கூடம் குலுங்கும். கடைசியில் காமிராவில் பேசியதையும் விடாமல், ஒரு சொல் மாறாமல் சொல்வார். அந்த இடத்தில் மாமா கை கழுவ எழுந்து போய்விடுவார். தெரியாதவர்கள் அதற்கும் சிரிப்பார்கள்.

அன்று முன்வரிசையில் இருந்த ஒரு பெண் முழுவதையும் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது, எடுக்க வேண்டாம் என்று சொல்லப் போனேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவள் பக்கம் சாய்ந்து கேட்டார்.

“என் மூஞ்சி நல்லா தெரியுதாம்மா? அப்ப சும்மா வச்சிக்காத. உனக்குத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்பு.”

அவள் சிரித்துக்கொண்டே அனுப்பினாள்.